ஒன்பதாயிரத்து ஐந்நூறு பவுண்டு இழுவை

முதலிபாளையம் தொழிற்பேட்டையில் இருக்கும் ஒரு பின்னல் துணி ஆலையின் சோதனைக்கூடம் ஜெயபாரதியின் பொறுப்பில் இருந்தது. வயது நாற்பத்து நான்கு. துணி எவ்வளவு எடை, துவைத்தால் எவ்வளவு சுருங்கும், நூல் எவ்வளவு இழுப்புத் தாங்கும் என்று நாள் முழுக்கப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது வேலை. அவள் கையெழுத்தில்லாமல் ஒரு ரோல்கூடக் கட்டிங் மேசைக்குப் போகாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் அவள் யாரோடும் சேர்ந்து சாப்பிட மாட்டாள். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்துகொள்வாள். ஜோர்டானில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. இங்கே ஒரு மணி என்றால் அங்கே காலை பத்தரை. அவள் கணவன் பிரபாகர் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு ஃபோன் செய்யும் நேரம் அது.

பிரபாகர் அங்கே ஒரு கார்மென்ட்ஸ் தொழிற்சாலையில் புரொடக்‌ஷன் மேனேஜர். இரண்டு வருட ஒப்பந்தம் என்று சொல்லித்தான் போனான். இது ஐந்தாவது வருடம்.

போவதற்கு முந்தைய வருடம் அவன் ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கியிருந்தான். வால்பாறைப் பக்கம் எஸ்டேட்டில் ஓடிய வண்டி. நான்கு சக்கரமும் இழுக்கும், காடு மேடெல்லாம் ஏறும். வாங்கிய மறுவாரமே இருவருமாகக் கொமரலிங்கம் போய் அமராவதி ஆற்று மணலில் இறக்கினார்கள். வண்டி அச்சுவரை புதைந்து உட்கார்ந்துகொண்டது. சற்றுத் தள்ளி வயலில் உழுதுகொண்டிருந்தவர், வேலை முடித்துவிட்டு டிராக்டரைக் கொண்டு வருகிறேன் என்றார். அவர் வந்து சேர மூன்று மணி நேரம் ஆனது. ஜெயபாரதி தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். கையில் கொஞ்சம் கொய்யாப்பழம் இருந்தது. தன் ஊரான மங்கலத்தில் பத்து விசைத்தறிகளின் சத்தத்துக்கு நடுவே படித்ததையும், பத்தாவது பரீட்சைக்கு முதல் நாள் கரண்ட் போனபோது அந்த அமைதியில் பயந்து அழுததையும் பிரபாகர் சொன்னான். கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் அவன் அவ்வளவு நேரம் பேசி அவள் கேட்டதில்லை.

திரும்பி வரும்போது, “ஒரு வின்ச் மாட்டீரலாம் பாரதி. இனி ஆருக்கும் காத்துக் கெடக்க வேண்டியதில்ல” என்றான்.

வண்டியின் மூக்கில் பொருத்தும் மின்சார மோட்டார்தான் வின்ச். அதன் உருளையில் சுற்றியிருக்கும் கயிற்றை இழுத்துக்கொண்டு போய் ஒரு மரத்தில் கட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினால், வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு சேற்றிலிருந்து ஏறிவிடும். அவள் சரி என்று தலையாட்டினாள். டிராக்டர்க்காரர் இன்னும் ஒரு மணி நேரம் கழித்து வந்திருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது. அதைச் சொல்லவில்லை.

அவன் போன பிறகு பேச்சு மெல்ல மெல்ல வற்றியது. சாப்பிட்டாயா, கோயமுத்தூர் ஹாஸ்டலிலிருந்து மகள் நித்யஸ்ரீ பேசினாளா என்று கேட்ட பிறகு இருவரும் ஃபோனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அவன் வண்டி ஸ்டார்ட் ஆகிறதா என்று கேட்டான். ஞாயிறு தவறாமல் ஸ்டார்ட் செய்து தெருமுனைவரை ஓட்டி வருவதாக அவள் சொன்னாள். அவன் உடனே, அந்த வின்ச் ஒன்று பார்த்து வைக்கலாமா என்றான். அன்றைக்குப் பேச்சு முக்கால் மணி நேரம் போனது.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளுக்கு ஒரு வேலை வந்துவிட்டது. அவன் அங்கே வீடியோக்கள் பார்த்தான், அவள் இங்கே குறிப்பெடுத்தாள். பன்னிரண்டாயிரம் பவுண்டு இழுக்கிறதையே வாங்கு, பிறகு சின்னதாக வாங்கிவிட்டோமே என்று இருக்கக்கூடாது என்பது அவன் கட்சி. அவள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு, கோயமுத்தூரில் காட்டு வண்டிகளுக்குச் சாமான் விற்கும் மணியனின் கடைக்குப் போனாள்.

மணியன் அவளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். “சார் வரலீங்களா?”

“அவரு ஊர்ல இல்லீங்க. எங்கிட்டச் சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பொறுமையாகச் சொன்னார். ஆளும் சாமானும் ஏறிய வண்டியின் எடைக்கு ஒன்றரை மடங்கு இழுத்தால் போதும். இவள் வண்டி இரண்டரை டன் வரும், அதற்கு ஒன்பதாயிரத்து ஐந்நூறு பவுண்டு தாராளம். பெரியதை மாட்டினால் மூக்கில் பாரம் கூடும், கரண்டையும் அதிகமாகக் குடிக்கும், பழைய பேட்டரி படுத்துவிடும். பம்பருக்கு வெளியே இரும்பு துருத்தினால் போலீஸ் விடமாட்டார்கள், உள்ளே மறைத்துத்தான் மாட்ட வேண்டும். இன்னொன்றும் சொன்னார். உருளையில் கயிறு சுற்றுக்குமேல் சுற்றாக இருக்கும்போது மோட்டார் முழுப் பலத்தோடு இழுக்காது. ஏறக்குறைய எல்லாக் கயிறும் வெளியே போய்க் கடைசிச் சுற்று மட்டும் மிஞ்சும்போதுதான் முழு இழுப்பும் கிடைக்கும்.

“தூரமாப் போகப் போகத்தான் பலமுங்க” என்றார் மணியன்.

அடுத்த வெள்ளியன்று அதை அப்படியே பிரபாகரிடம் சொன்னாள். அவன் பேட்டரி என்ன அளவு என்று கேட்டான்.

கயிற்றில்தான் இருவரும் பிடிவாதமாக நின்றார்கள். அவனுக்கு இரும்புக் கம்பிக் கயிறு. அவளுக்கு, கையில் எடுத்தால் பஞ்சுபோல் இருந்து இரும்புக்குச் சமமாக இழுக்கும் செயற்கை நார்க் கயிறு.

“கம்பி அறுந்தா சாட்டையாட்டம் திரும்புமுங்க. பக்கத்துல நிக்கறது நான்.”

“நாந்தான நிப்பேன்?” என்றான் அவன்.

அவள் மணியனிடம் முழ நீள நார்க் கயிற்றுத் துண்டு ஒன்று கேட்டு வாங்கி வந்திருந்தாள். அதைப் பிரித்து, ஒரு புரியை நூல் வலுப் பார்க்கும் மெஷினில் கொடுத்தாள். ஒன்றை ஆற்று மணலில் போட்டுத் தேய்த்தாள். இன்னொன்றை மொட்டை மாடிக் கம்பியில் கட்டிச் சித்திரை வைகாசி வெயில் முழுக்கக் காயவிட்டாள். வெள்ளிக்கிழமைகளில் பேசும்போது அது கண்ணெதிரே ஆடிக்கொண்டிருக்கும். வெயில் பட்டது கொஞ்சம் வலு இறங்கியிருந்தது, மணல் பட்டது நிறையவே இறங்கியிருந்தது. நார்க் கயிறே வாங்கலாம், ஆனால் உறை போட்டது வேண்டும், சேற்றில் இறங்கிய ஒவ்வொரு முறையும் அலச வேண்டும் என்று முடிவு செய்தாள். பிரபாகர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இங்கயே உன்னக் கேட்டுத்தான் மெஷின் வாங்கோணும் போல” என்றான். தீபாவளிக்கு வந்து தானே மாட்டுவதாகச் சொன்னான்.

ஆடி மாதத்து வெள்ளி ஒன்றில், வின்ச்சை மாட்டப் பம்பரில் எந்த இடத்தில் ஓட்டை போடுவது என்று பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் சொன்னான்.

“பாரதி, இன்னும் ரண்டு வருசம் இருக்கச் சொல்றாங்க. நானும் செரின்னுட்டேன்.”

கீழே பின்னல் மெஷின்கள் ஓடும் அதிர்வு உட்கார்ந்திருந்த இடம்வரை வந்தது. அவள் டப்பாவை மூடினாள்.

“அப்ப வின்ச்ச இப்பவே மாட்டிக்கறனுங்க.”

“நான் வந்து…”

“வாங்க. வந்து ஓட்டுங்க. மாட்டறத நான் மாட்டிக்கறேன்.”

கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. அன்று மத்தியானம் ஒரே துணியை மூன்று முறை எடை போட்டாள். மூன்று முறையும் எடை சரியாகவே இருந்தது.

மணியன் பட்டறையில் மாட்ட ஒரு நாள் ஆனது. பம்பருக்குள் கனமான தகடு, அதில் வின்ச், புதுப் பேட்டரி, விரல் தடிமன் வயர், நடுவில் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச். ஒவ்வொரு போல்ட்டையும் அவளே ஒரு முறை முறுக்கிப் பார்த்தாள்.

தீபாவளிக்குப் பிரபாகரால் வர முடியவில்லை. ஐப்பசி மழை நன்றாகப் பிடித்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமையாகப் பார்த்து லீவு எடுத்தாள். சோதனைக்கூடத்தில் கூட வேலை செய்யும் கலைமகளின் அப்பாவுக்குத் திருமூர்த்தி மலை அடிவாரத்தில் தோப்பு இருந்தது. அங்கே போகும் வண்டித்தடம் மழைக்காலத்தில் வழுக்கும் களிமண்ணாகக் கிடக்கும். கலைமகளும் கூட வந்தாள். தடத்தின் பாதியில் நான்கு சக்கரமும் வழுக்கிச் சுழன்று, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. தோப்பில் டிராக்டர் இருக்கிறது, அப்பாவைக் கூப்பிடட்டுமா என்று கலைமகள் கேட்டாள். வேண்டாம் என்றாள் ஜெயபாரதி.

சேற்றில் இறங்கி உருளையின் பூட்டைத் தளர்த்தினாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு முழங்கால்வரை புதையப் புதைய நடந்து, மேட்டில் நின்ற புளியமரத்தில் அகலமான நாடாப் பட்டையைச் சுற்றிக் கொக்கியை மாட்டினாள். அறுந்தாலும் துள்ளாதபடி கயிற்றின்மேல் ஒரு கம்பளியைப் போட்டாள். கலைமகளைத் தூரமாகப் போய் நிற்கச் சொல்லிவிட்டு வண்டிக்குள் ஏறி ரிமோட்டை அழுத்தினாள். கயிறு நிமிர்ந்தது. மோட்டார் முனகியது. ஒரு கணம் வண்டி அசையவில்லை. பிறகு களி சப்பென்று விட்டுக்கொடுக்க, மூக்கு நிமிர்ந்து சக்கரங்கள் ஒவ்வொன்றாக ஏறின. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

மேட்டில் நிறுத்திக் கையைத் துடைத்துக்கொண்டு வீடியோவில் கூப்பிட்டாள். பிரபாகர் அவள் நெற்றிவரை தெறித்திருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தான். எப்படி வந்தது, கயிறு உரசியதா என்று எதுவும் கேட்கவில்லை.

“இன்னொருக்கா மோட்டார ஓட்டு பாரதி. ஃபோனப் பக்கத்துல வெய்யி. சத்தம் கேக்கோணும்.”

அவள் கயிற்றை மறுபடி தூரமாக இழுத்து, எதிலும் மாட்டாமல் போட்டுவிட்டு வந்து, வண்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து ஃபோனை மோட்டாரருகே பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். திரையில் அவன் முகம் இல்லை. ஃபோனைக் காதோடு வைத்துக்கொண்டிருந்தான். காதும் அதன் மேலே கொஞ்சம் முடியும் மட்டும் பெரிதாகத் தெரிந்தன. அந்த முடி முழுக்க நரைத்திருந்தது. அந்தப் பக்கம் நரைத்ததை அவள் இதுவரை பார்த்ததில்லை. கயிறு ஒழுங்காகச் சுற்றிக்கொண்டு வந்தது. அவசரப்படாமல், விட்டு விட்டு அழுத்தினாள்.

கொக்கி வந்து சேர்ந்து சத்தம் நின்ற பிறகும் அவன் கொஞ்ச நேரம் காதை எடுக்கவில்லை.

“தையில பதினெட்டு நாள் லீவு எழுதிக் கேட்டிருக்கேன்” என்றான்.

“செரிங்க” என்றாள் அவள். “போய்ச் சாப்புடுங்க.”