மூக்கு கழுவியபின் அரைமணி நேரம்

அன்று தறியில் இருந்தது அப்பாவும் நானும் மட்டும். அம்மா இல்லை, அக்காவின் பிரசவத்துக்காகச் செய்யாறு போயிருந்தாள். எங்கள் சேலைகளில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அப்பா உடலுக்கு ஊடுநூல் சுற்றிய நாடாவை ஓட்ட, வலப்பக்கம் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு முறையும் கரை நாடாவைத் தள்ள வேண்டும். அது அம்மாவின் வேலை. வீட்டில் முதன்முதலாகப் படித்து பி.காம். முடித்து, சைனஸ் ஆபரேஷன் ஆகி இரண்டு வாரமே ஆகியிருந்த நான் அவள் இடத்தில் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் அப்பாவின் முழங்கை, மறுபக்கம் சுவர், நெஞ்சை முட்டிக்கொண்டு மாம்பழ மஞ்சள் பட்டு. வெள்ளிக்கிழமை முதலாளியிடம் போய்ச்சேர வேண்டிய கல்யாணச் சேலை.

மூன்று வேளையும் மூக்கைக் கழுவச் சொல்லியிருந்தார் டாக்டர். கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பும் சமையல் சோடாவும் கலந்து, ஊசியில்லாத சிரிஞ்சால் ஒரு துவாரத்தில் ஏற்றினால் மறு துவாரத்தில் வழியும். முழுக்க வந்துவிடாது. கன்னத்துக்குள் எங்கோ கொஞ்சம் தங்கிவிடும். அது வடிய அரைமணி நேரம் ஆகும். அதுவரை தறி நிற்கும்.

கொல்லையில் குனிந்து நின்றிருந்தேன்.

"இன்னாடா, மூக்கு கழுவுறியா, கோயில் யானையக் குளிப்பாட்டுறியா?" என்றார் அப்பா, உள்ளேயிருந்து.

"தண்ணி வடியணும்பா. டாக்டர் சொல்லிக்கிறாரு."

"உன்னப் பெத்த பதினஞ்சாம் நாளே உங்கம்மா வந்து குந்திக்கினாடா. வா, வெளிச்சம் போவுது."

போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கரையில் ஓர் இழை அறுந்தது. முடிச்சுப் போடக் குனிந்தேன். கன்னத்துக்குள் ஏதோ நகர்வது தெரிந்தது. திரும்ப இடமில்லை. இரண்டு கைகளிலும் இழையின் இரண்டு முனைகள். அறுந்த இழையைக் கைவிடக் கூடாது என்பது நான் அ, ஆ படிக்கும் முன்பே படித்தது. விடவில்லை. கொட்டிவிட்டது. துளியல்ல, ஒரு மடக்கு. மஞ்சளின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு.

"ரத்தமாடா?"

"உப்புத் தண்ணிபா. கொஞ்சம் ரத்தமும்..."

அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்தார். பட்டை ஒற்றப்போகிறார் என்று நினைத்தேன். என் மூக்கில் வைத்து அழுத்தினார்.

"இப்பவாவது அந்த நூல விடுறா."

அந்தச் சேலை கல்யாண வீட்டுக்குப் போகவில்லை. அம்மா திரும்பும்வரை இரண்டு மாதம், அடுத்த சேலைக்கும் அதே சுவரோரம்தான் உட்கார்ந்தேன். கறைக்காக முதலாளி அப்பாவின் கூலியில் பிடித்தது எண்ணூற்று ஐம்பது ரூபாய்.