கைக்குச் சுகமான பிடி

எங்கள் வீட்டுக்கு ஒரு கைத்துவக்கு வந்து இரண்டு கிழமை தங்கிப்போனது. வந்தது ஒரு நீல நிறப் பிஸ்கற் தகரத்துக்குள். அந்த வகைத் தகரத்துக்குள் பிஸ்கற்றைக் கண்ட தமிழ்ப் பிள்ளை பேர்லினில் இருந்திருக்காது. எங்கள் வீட்டுத் தகரத்தில் ஊசியும் நூலும் இருந்தன. மேல்வீட்டுத் தகரத்தில் செத்தல் மிளகாய். ஆகவே விளையாட்டுக் குழு மாமா மூடியைத் திறந்து, துவாய்த் துண்டில் சுற்றியிருந்த கறுப்புச் சாமானை எடுத்து மேசையில் வைத்தபோது எனக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்றும் வரவில்லை. இவர்கள் வீட்டில் இதை வைத்திருக்கிறார்களாக்கும் என்று நினைத்தேன்.

அது ஆளைச் சுடுகிற துவக்கு அல்ல, ஓட்டப்போட்டியைத் தொடக்கி வைக்கிற துவக்கு. குண்டு கிடையாது, சத்தமும் கொஞ்சம் புகையும் மட்டும். எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் வருடம் ஒருமுறை மைதானம் எடுத்து, யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் நடக்கிற மாதிரியே இல்லம் பிரித்து, அணிநடை போட்டு விளையாட்டுப் போட்டி நடத்தும். ஓட்டத்தை மட்டும் ஒருவர் "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று கத்தித்தான் தொடக்கி வைப்பார். மூன்று வருமுன்னரே பாதிப் பேர் ஓடிப் போயிருப்பார்கள். பிறகு ஒரே சண்டை. ஜெர்மனியில் உலகக் கிண்ணம் நடந்ததற்கு முந்திய வருடம், இனி முறைப்படி வெடி வைத்துத்தான் ஓட விடுவது என்று குழு முடிவெடுத்தது. வெடி வைக்கிறவராக அப்பாவைத் தெரிவு செய்தார்கள்.

அப்பா அப்போது ஒரு இத்தாலியன் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். படிக்கிற காலத்தில் நன்றாக ஓடியவர் என்று கேள்வி. செய்தி வந்த அன்று அவர் கண்ணாடிக்கு முன்னால் நின்று வெறுங்கையை உயர்த்திப் பார்த்ததைக் கதவிடுக்கால் கண்டேன். அவருடைய கையை நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கப் போகிறார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. என்னுடைய அப்பாதான் சுடுவார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்தேன்.

சிக்கல் என்னவென்றால், குழு வாங்கியது இருந்ததிலேயே மலிவான, இருந்ததிலேயே சின்னத் துவக்கு. பிளாஸ்ரிக் பிடியில் சொரசொரவென்று கட்டம் கட்டமாக வெட்டியிருந்தது. சவர்க்காரத் தண்ணீரில் ஊறி ஊறி அப்பாவின் உள்ளங்கை எப்போதும் வெடித்திருக்கும். அந்தக் கட்டங்கள் போய் வெடிப்புக்குள் குத்தின. பிடியின் நீளமும் போதவில்லை. சின்னவிரலுக்கு இடமில்லாமல், தேநீர்க் கோப்பை பிடிக்கிற துரைசாணி மாதிரி அது வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"இதைப் பிடிச்சுக்கொண்டு ஒரு நாள் முழுக்க நிக்க ஏலாது," என்றார் அப்பா.

அம்மா எட்டிப் பார்த்தா. துவக்கைப் பார்க்கவில்லை, அப்பாவின் உள்ளங்கையைத்தான் பார்த்தா. "தாங்கோ, நான் ஏதாவது சுத்தித் தாறன்," என்றா.

சண்டைக் காலத்தில் ஊரைவிட்டு வந்த அம்மா, இங்கே வீட்டில் இருந்து உடுப்புத் திருத்தித் தைக்கிறவ. எந்த நேரமும் மெஷின் ஓடும். வருடப் பிறப்புக்கு நாங்கள் இருந்த நொய்கெல்ன் பகுதி முழுக்கப் பட்டாசு கொளுத்தும்போது, அந்தச் சத்தத்தையும் மீறி அவவின் மெஷின் கடகடக்கும். விசேட நாளிலும் ஓயாமல் வேலை செய்கிற அம்மா என்று எனக்குப் பெருமை.

முதலில் கிரிக்கெட் மட்டையின் பிடிக்குப் போடுகிற இறப்பர் உறை ஒன்றைத் துண்டாக வெட்டி மாட்டினா. அப்பா வரவேற்பறை நடுவில் நின்று கையை உயர்த்தி, வெறும் துவக்கை அழுத்தினார். 'க்ளிக்' என்றது. மெஷின் சட்டென்று நின்றது.

"இப்ப எப்பிடி?" என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டா.

"குத்தேல்லை. ஆனா சின்னவிரல் இன்னும் வெளியிலதான் நிக்குது."

"கொண்டாங்கோ."

அம்மாவிடம் ஒரு பை நிறையத் தோள்பட்டைப் பஞ்சு இருந்தது. பழைய கோட்டுகளைக் கொண்டுவருகிற ஜெர்மன் பெண்கள், அந்தக் காலத்து மேடான தோள் இப்போது வேண்டாம் என்று கழற்றச் சொல்லுவார்கள். கழற்றியதை அம்மா எறிய மாட்டா. அதில் ஒன்றைப் பாதியாக வெட்டிப் பிடியின் அடியில் வைத்து, சின்னவிரலுக்கு ஒரு திண்டு கட்டினா. அப்பா கையை உயர்த்தினார். க்ளிக். மெஷின் நின்றது.

"ஆகா, அந்த மாதிரி இருக்குது," என்றார் அப்பா.

"இல்லை, பின்பக்கம் மெல்லிசா இருக்கு. வெடி வைக்கேக்கை உதைக்கும். கொண்டாங்கோ."

அப்படித்தான் அந்த இரண்டு கிழமையும் போனது. அப்பா போதும் என்பார், அம்மா போதாது என்பா. பின்பக்கம் ஒரு பஞ்சு, அதன் மேல் இன்னொன்று, பக்கவாட்டில் ஒன்று. ஒவ்வொரு க்ளிக்குக்கும் மெஷின் நிற்கும். காது கொடுத்துக் கேட்டு அளவு சரி பார்க்கிறா என்று நான் விளங்கிக்கொண்டேன். தையல்காரி என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும்!

கடைசியில் எல்லாவற்றையும் மூடி, ஏதோவொரு பாவாடையில் மிஞ்சிய கறுப்பு வெல்வெற் துணியால் உறை தைத்துப் போட்டா. துவக்கு பூனைக்குட்டி போல ஆகிவிட்டது. நான் வாங்கித் தடவிப் பார்த்தேன். நல்ல மெத்தென்று இருந்தது. அப்பா அதைக் கையில் எடுத்து உயர்த்திப் பிடித்தார். அன்றைக்கு க்ளிக் கேட்கவில்லை. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா கையை இறக்கி, துவக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெஷினில் குனிந்திருந்த அம்மாவின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்ப சரியோ?" அம்மா திரும்பாமலே கேட்டா.

"ஓம். இப்பதான் கைக்குச் சுகமா இருக்கு," என்றார் அப்பா.

போட்டி நாள் நல்ல வெயில். மாமா தகரத்தைக் காரில் கொண்டுபோனார். நாங்கள் மூவரும் சுரங்க ரயிலில் போனோம். அப்பா வெள்ளைக் காற்சட்டையும் சிவப்புத் தொப்பியும் போட்டிருந்தார். காற்சட்டையை அம்மா மடிப்புக் கலையாமல் அழுத்திக் கொடுத்திருந்தா. முதல் ஓட்டமே பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்பிள்ளைகள். நான் மூன்றாம் கோட்டில் நின்றேன்.

மாமா வெடியைப் போட்டுத் துவக்கை அப்பாவிடம் கொடுத்தார். அப்பா கையை உயர்த்தினார். "எல்லாரும் இடத்தில நில்லுங்கோ," என்றார். "ஆயத்தம்!"

ஒன்றும் நடக்கவில்லை. நாங்கள் குனிந்தபடியே நின்றோம். அண்ணாந்து பார்த்தேன். அப்பாவின் விரல் விசையை எட்டுவதற்கு அந்தரப்பட்டுக்கொண்டிருந்தது. அவ்வளவு பஞ்சுக்கு மேலால் போய் வளைந்து தொடுவதற்கு விரலின் நீளம் போதவில்லை. சனம் சிரிக்கத் தொடங்கியது. மாமா ஓடிவந்து பறித்துத் தான் முயன்றார். அவருடைய விரல் அப்பாவின் விரலைவிடக் கட்டை.

"இதென்ன சீலைப்பொதி! கத்தரிக்கோல் ஒண்டு கொண்டாங்கோ, வெட்டி எறிவம்," என்று மாமா கத்தினார்.

அம்மா தோடம்பழம் வெட்டுகிற மேசைக்குப் பின்னால் நின்றா. அவவின் கையிலேயே கத்தி இருந்தது, ஆனால் அசையவில்லை. முகம் மட்டும் மாவாக வெளுத்திருந்தது.

அப்பா துவக்கைத் திரும்ப வாங்கி, வெடியைக் கழற்றி, தகரத்துக்குள் வைத்து மூடினார். "விடுங்கோ அண்ணை. துணியில பிழையில்லை. மலிவுச் சாமான், உள்ளுக்கை ஏதோ இறுகிப்போச்சு. பிள்ளையள் நிக்கிற இடத்தில கிண்டப்படாது," என்றார்.

பிறகு சட்டைக்குள் கையை விட்டு, கழுத்தில் தொங்கிய ஒரு விசிலை வெளியே எடுத்து ஊதினார். நான் வெடிச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றவள். விசில் என்னை ஓடச் சொல்லுகிறது என்பது மூளைக்கு ஏறுவதற்குள் மற்றவர்கள் பாதித் தூரம் போய்விட்டார்கள். கடைசியாக வந்தேன். அன்றைய ஓட்டம் எல்லாம் விசிலிலேயே முடிந்தது. ஒரு சண்டையும் வரவில்லை. ஆனால் அப்பாவுக்கு 'நமத்த வெடி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கல்யாண வீடுகளில்கூட அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். எனக்கு அழுகை வரும்.

திரும்பும்போது ரயிலில் அம்மா முன் இருக்கையில் ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தா. நானும் அப்பாவும் பின்னால். எனக்குத் தோற்ற கோபம் ஆறவில்லை.

"அப்பா, அந்த விசில் ஆற்றை?"

"என்ரைதான். நேற்று வாங்கினனான்."

"துவக்கு இருக்கேக்கை விசில் எதுக்கு? வெடிக்காது எண்டு உங்களுக்கு முதலே தெரியுமோ?" என் குரல் உயர்ந்துவிட்டது.

அப்பா உதட்டில் விரலை வைத்து முன் இருக்கையைக் காட்டினார். "மெல்லக் கதை, பிள்ளை. அம்மா நித்திரை."

ரயில் சுரங்கத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. இருண்ட ஜன்னல் கண்ணாடியில் அம்மாவின் முகம் தெளிவாகத் தெரிந்தது. கண்கள் திறந்தே இருந்தன, கன்னம் நனைந்திருந்தது. பாவம் அப்பா, அம்மா விழித்திருக்கிறா என்பது அவருக்குத் தெரியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.