எல்லையில் காய்ச்சிய கஞ்சி

அப்பா பிறந்தது வடக்கனந்தலில், குத்தகை நிலம் உழுத குடும்பத்தில். பள்ளிக்கூடம் போனதில்லை. வீட்டில் முதலில் படித்தவன் நான் என்பதால், அவரது முதலாண்டு நினைவு மலருக்கு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது.

இளம் வயதில் லோடு ஏற்றப் போன அப்பா, பிறகு சொந்தமாகக் குட்டியானை எனும் சிறு சரக்கு வண்டி வாங்கி, கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கை ஜவ்வரிசி ஆலைக்கு இறக்கி வந்தார். கோபக்காரர் என்பது உறவினர் அனைவரும் அறிந்ததே. ஆனால் ஒருமுறை கோபப்பட வேண்டிய இடத்தில் கோபப்படவில்லை. அதை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

கொரோனா ஊரடங்கில் ஆலை மூடியது. கிழங்கு நிலத்திலேயே கிடந்தது. கேரளாவுக்குக் கூலி வேலைக்குப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பியிருந்தார்கள். அப்பா வழக்கமாக லோடு ஏற்றும் மலைக்கிராமத்தில் ஒரு வேளைதான் அடுப்பு எரிகிறது என்று தகவல் வந்தது. சின்னசேலத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் பாய், கேட்டதும் அரிசியும் பருப்பும் கொடுத்தார்.

அந்த ஊரார் வெளியாட்கள் வராதபடி பாதையில் முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். "கிட்ட போகாதீங்கப்பா, எல்லையிலயே வெச்சிட்டு வந்துடுங்க" என்று சொன்னவன் நான். அம்மா தன் பங்குக்கு, நோய் ஒட்டாதிருக்க மூட்டைகள்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்து வேப்பிலை செருகினார். அப்பா அப்படியே இறக்கிவைத்துவிட்டு வந்தார்.

மூன்றாம் நாள் நானும் அவருடன் போனேன். மூட்டைகள் வைத்த இடத்திலேயே இருந்தன.

ஊரில் நோய் கண்டால் மஞ்சளும் வேப்பிலையும் வைத்து, சோற்றை எல்லைக்கு வெளியே கழித்துப்போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தொட்டவரோடு நோய் போய்விடும் என்பார்கள். மலையிலும் அதே நம்பிக்கைதான். எங்கள் மூட்டைகளும் அப்படித்தான் தெரியும் என்பது, இதைப் பார்த்தே வளர்ந்த எங்கள் மூவருக்கும் தோன்றவில்லை. அதனால் அவர்கள் மேலும் மூன்று நாள் பசித்திருந்தார்கள்.

முள்ளுக்கு அப்பாலிருந்து ஓர் அம்மாள் கேட்டார்: "கீழ இருக்கிற நோவ மூட்ட கட்டியாந்து எங்க எல்லையில கழிச்சிட்டுப் போறியாய்யா?"

"தப்பு எங்களுதுதாம்மா. இரு, நானே துன்னு காட்டறேன்" என்றார் அப்பா.

வண்டியில் எப்போதும் இருக்கும் பாத்திரத்தை எடுத்தார். மூன்று கல் கூட்டி, அந்த மூட்டையையே பிரித்து, எல்லோரும் பார்க்கக் கஞ்சி காய்ச்சிக் குடித்தார். பாதிக் கஞ்சி தீர்ந்தபோது அதே அம்மாள் சொன்னார்: "உப்புகூட இல்லாம எப்பிடிய்யா உள்ள எறங்குது? இரு, வரேன்."

முள்ளை ஒதுக்கிக்கொண்டு ஒரு கை உப்போடு வந்தார். அவர் பின்னால் ஆண்கள் வந்து மூட்டைகளைத் தூக்கிக்கொண்டார்கள். ஆலை திறக்கும்வரை அப்பா வாரம் ஒருமுறை போய்வந்தார்.

சென்ற ஆண்டு நெஞ்சுவலி வந்தபோது அவரைக் கள்ளக்குறிச்சி மருத்துவமனைக்குக் கொண்டுசென்ற பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், நான்கு நாள் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ஊரடங்கில் இல்லையென்று சொல்லாத பாய்க்கும், காரியம் முடியும்வரை உடனிருந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கருமாதியன்று அந்த அம்மாளும் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். சாமை மூட்டையோடு ஒரு பொட்டலம் கல்லுப்பும் கொண்டுவந்தார். "அவரு உப்ப மறந்துட்டுத்தான் போயிருப்பாரு" என்று அம்மாவின் கையில் கொடுத்தார். அன்றைய படையல் குழம்பில் அம்மா அந்த உப்பைத்தான் போட்டார்.