மோதிரக் கல்லும் கம்பி முனையும்

தெருவில் அவளுக்கு நகவெட்டி என்று பட்டப்பெயர். அவள் ஆடுகளின் மடியில் கை வைக்கிறவர் யாரானாலும் முதலில் கையை நீட்டிக் காட்ட வேண்டும். நகம் வளர்ந்திருந்தால் கொட்டகைக்குள் விடமாட்டாள். வளையல், மோதிரம் எல்லாம் வாசலிலேயே கழற்றியாக வேண்டும். சொந்த நாத்தனாரையே ஒருமுறை திருப்பி அனுப்பியவள். அப்பேர்ப்பட்டவள் அன்று காலை மோதிரத்தோடு பால் கறக்க உட்கார்ந்தாள்.

மகள் வாங்கி அனுப்பிய மோதிரம். போட்டு அழகு பார்த்தவள் அப்படியே மறந்துவிட்டாள். கல்லின் முனை ஆட்டின் இடது காம்பைக் கீறியது. ஆடு உதைத்தது, பால் சிவந்தது. அவள் மோதிரத்தை உருவி இடுப்பில் செருகிய வேகத்தைப் பார்த்தால் கைதேர்ந்த திருடிகூட வெட்கப்படுவாள்.

சத்தம் கேட்டு வந்த கணவர் குனிந்து பார்த்தார். அவர் கம்பிவேலி கட்டுகிறவர். ஒரு முனைகூட வெளியே நீட்டாமல் மடக்கி முடிப்பார் என்று பேர் வாங்கியவர்.

"என் கம்பிதான் கிழிச்சிருக்கு. எங்கயோ ஒரு முனைய சரியா மடக்காம விட்டுட்டேன் போல."

இல்லை என்று சொல்ல ஒரு மூச்சு போதும். இனி எந்த முகத்தோடு அடுத்தவர் கையைப் பார்ப்பது என்று பயந்து வாயை மூடிக்கொண்டாள்.

மருத்துவத்தில் மட்டும் குறை வைக்கவில்லை. கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் காயத்தைக் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி, கால்நடை மருத்துவர் தந்த களிம்பைத் தடவினாள். கீறல் வழியாகப் பால் கசியவில்லை, மேல்தோல் காயம்தான். குட்டி முட்டிவிடாதபடி அதைப் பிரித்துக் கட்டினாள். அந்தக் காம்பைக் கடைசியாக, இழுக்காமல், மெல்ல அமுக்கிக் கறந்து பாலைக் கீழே கொட்டினாள். பால் திரிகிறதா, மடி சுடுகிறதா என்று வேளாவேளைக்குப் பார்த்தாள். ஆடு அவளைக் கண்டாலே காலைத் தூக்கியது.

அவரோ அரத்தை எடுத்துக்கொண்டு வேலியின் ஒவ்வொரு முனையாகத் தேய்த்தார். நாலு நாளும் அந்தச் சத்தம் கேட்டது. தன்னை நினைத்தால் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

ஐந்தாம் நாள் காயத்தின் பொருக்கு உதிர்ந்தது. அதற்கு மேல் முடியாமல், வேலியோரம் குந்தியிருந்தவரிடம் போய் மோதிரத்தை நீட்டினாள்.

"கம்பி இல்லைங்க. இதுதான் கீறிச்சு."

அவர் மோதிரத்தை வாங்கிப் பார்த்தார். சிரிக்கப்போகிறார் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

"நேத்தே சொல்லியிருக்கலாமே," என்றார்.

"நேத்து என்னங்க?"

"பண்ணைக்காரர் போன் பண்ணாரு. அறுபது ஆடு நிக்கிற எடத்துக்கு வேலி போடணும்னாரு. வேற ஆளப் பாருங்கன்னுட்டேன்."

"இப்பவே பேசுங்க. தப்பு என்னோடதுன்னு நானே சொல்றேன்."

"இன்னைக்குக் காலைல வேற ஆள் வந்து அளந்துட்டுப் போயாச்சு." அவர் மோதிரத்தை அவள் கையிலேயே வைத்தார். "வேலை போனா போகுது. என் கட்டு சரியில்லன்னு என் வாயாலயே அவர்கிட்ட சொல்லிட்டேனே."