சுவருக்கு அந்தப் பக்கம் சைக்கடெலிக் ஃபோக்

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரருக்கு உளுந்து வடை கொண்டுபோனேன். அன்பினால் அல்ல — பயத்தினால்.

என் மகள் அபிக்கு வயது பத்து. சனிக்கிழமை கர்நாடக சங்கீதப் பரீட்சை. போனில் சுருதிப் பெட்டியை ஓடவிட்டு, மாலையில் மோகனம் பாடிப் பழகுவாள். இந்த ஆங்கிலேயர் நாட்டில், ஃபாரஸ்ட் கேட்டில் எங்களுடையது வரிசையாக ஒட்டிக் கட்டிய டெரஸ் வீடு. இரண்டு குடும்பங்களுக்கு ஒரே சுவர். அந்தச் சுவரில்தான் தட்டல் கேட்டது. டொக்... டொக்.

பதறிப்போய்ச் சுருதியின் சத்தத்தைக் குறைத்தேன். தட்டல் பலத்தது. இன்னும் குறைத்தேன். இன்னும் பலத்தது! கடைசியில் பிள்ளையைக் காருக்குள் இருத்திப் பாடவைத்தேன். அவள் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. இப்படிப் பழகினால் பரீட்சை என்னாவது? வீட்டுக்குள் பாடவிட்டு, அவர் நகரசபைக் கவுன்சிலில் முறைப்பாடு போட்டுவிட்டால்...?

வடை சுட்டேன். கணவர் சிரித்தார்.

“இஞ்சேரும், வடையோடை போனால் பிழையை நாங்களே ஒத்துக்கொண்ட மாதிரி. நாளைக்குக் கவுன்சில்காரர் வந்தால் வடைதான் சாட்சி.”

“சாட்சியை அவர் சாப்பிட்டிடுவார். நீங்கள் சும்மா இருங்கோ.”

கதவைத் திறந்தார் டெரெக். எழுபதைத் தாண்டியவர். வெள்ளைத் தாடி, கையில் கிற்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன் — அவர் முந்திக்கொண்டார்.

“அந்த அருமையான ரீங்காரத்தை ஏன் குறைத்தீர்கள்? கூட்டி வையுங்கள் என்றுதானே தட்டினேன்!”

எங்கள் சுருதியோடு சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர்! இளமையில் சைக்கடெலிக் ஃபோக் கோஷ்டி ஒன்றில் இருந்தவராம். அறுபதுகளில் இங்குள்ள இளைஞர்கள் பழைய நாட்டுப்பாடல்களை எடுத்து, நம்முடைய சித்தாரையும் தம்புராவையும் அவற்றோடு ஓடவிட்டு, நேரம் நின்றுபோனதுபோல் ஒரு கிறக்கமான இசையைச் செய்தார்களாம். இன்றைக்கும் புதுப் பிள்ளைகள் அதைத் தேடிப்பிடித்து வாசிக்கிறார்களாம்.

கிறக்கம் என்றதும் எனக்குள் இருந்த அம்மா விழித்துக்கொண்டாள். இந்த இசைக்காரர்கள் ஏதேதோ... எடுப்பார்களாமே? நாசூக்காகக் கேட்டேன்.

“இப்போது பிரஷர் மாத்திரை மட்டும்தான்” என்றார், வடையைக் கடித்தபடி.

அன்று மாலை சுருதியைக் கூட்டிவைத்தேன். சுவருக்கு அப்பால் கிற்றார் மெல்ல எழுந்தது. பத்து நிமிடத்துக்கே முனகுகிற அபி ஒரு மணிநேரம் பாடினாள்.

“அம்மா, டெரெக் அங்கிள் இஸ் ஸோ கூல்! அவரை ஸ்டொப் பண்ணச் சொல்லாதேங்கோ!”

நான் சொல்லவில்லை. செய்தது சரியா? யாருக்குத் தெரியும்! ‘சைக்கடெலிக்’ என்று கூகுளில் தேடினால் போதைமருந்துக் கதைகளாக வந்தன; பாதியில் பயந்து போனை மூடிவைத்தேன்.

சனிக்கிழமை வந்தது. பரீட்சை அறைக்கு வெளியே நான் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். சங்கீத ரீச்சர் வெளியே வந்தார். முகத்தில் ஒரு மாதிரியான யோசனை.

“என்ன ரீச்சர், பிழைவிட்டிட்டாவோ?”

“இல்லையம்மா, சுருதி சுத்தம். பாஸ்தான், யோசிக்காதேங்கோ. ஆனால்... சின்னதா ஒரு ஆலாபனைதான் கேட்டவை. கண்ணை மூடின பிள்ளை திறக்கேல்லை. பரீட்சகர் மூண்டுதரம் ‘தாங்க்யூ’ சொல்லித்தான் நிப்பாட்டினவர். வீட்டிலை ஆர் சொல்லிக் குடுக்கிறது?”

“ஒருத்தருமில்லை, ரீச்சர்” என்றேன். பொய்யில்லையே?

இந்த ஊர் நம்மிடமிருந்து எடுத்தவற்றில் திரும்பி வந்ததாக நான் அறிந்தது சுருதி ஒன்றுதான் — அதுவும் கொஞ்சம் கிறக்கத்தோடு!