தொண்ணூற்றிரண்டு

ஊரே அவர் குரலைக் கேட்டிருக்கிறது. ஆளை யாருக்கும் தெரியாது. ரயில் நிலையத்தில் வண்டிகளின் வரவை அறிவித்தே ஓய்வு பெற்றவர். கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் மைக். பிள்ளைகள் இல்லை. மனைவியும் போன பிறகு அந்த இரண்டு அறைகளில் அவர் குரலுக்கு வேலையே இல்லை. ஒரு நாள் "பால் பொங்குது" என்று கத்திவிட்டு, யாரிடம் சொன்னோம் என்று அசடு வழிந்தாராம்.

உலகம் முழுக்க மூச்சைப் பிடுங்கும் தொற்று பரவி, எல்லா வீட்டுக் கதவும் சாத்திக்கொண்ட காலம். தனியாக இருக்கும் முதியவர்களுக்குச் சுகாதாரத் துறை விரலில் மாட்டும் கருவி கொடுத்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அது காட்டும். அந்த எண்ணைக் காலையும் மாலையும் கைபேசியில் பதிந்தால், அந்தக் கணமே கட்டுப்பாட்டு அறைத் திரையில் தெரியும். தொண்ணூற்றைந்தும் அதற்கு மேலும் பச்சை; யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். தொண்ணூறுக்குக் கீழே சிவப்பு, ஆம்புலன்ஸ் வரும். இடைப்பட்டது மஞ்சள். மஞ்சளுக்கு ஓர் ஆள் போன் செய்து விசாரிப்பார்.

ஒரு காலை குளித்த கையோடு, விரல் சில்லிட்டிருக்கும்போதே கருவியை மாட்டினார். தொண்ணூற்றிரண்டு. குளிர்ந்த விரலில் அது குறைத்துத்தான் காட்டும்; காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். பதிந்த கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"ஐயா, மூச்சு வாங்குதா? ராத்திரி தூங்கினீங்களா?" என்றாள் ஒரு பெண்.

"நல்லாத் தூங்கினேம்மா."

"குரல் கணீர்னு இருக்கே! பாட்டுக்காரரா?"

"ரயிலுக்குப் பேசினவன்மா."

அன்று முழுக்க மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்புறம் என்ன, கருவி தொண்ணூற்றெட்டு காட்டினாலும் அவர் பதிவது தொண்ணூற்றிரண்டு. திருட்டுத்தனம்தான், இல்லையென்று சொல்லவில்லை. யானைப் பசிக்குச் சோளப்பொரி மாதிரி அதே பெண்ணோடு ஏதோ கொஞ்சம் பேச்சு. அதற்குச் சட்டை மாற்றிக்கொண்டு உட்காருவார். ஒரு தடவை இவரே திருப்பி அழைத்துப் பார்த்தார். இந்த எண்ணை அழைக்க முடியாது என்றது ஒரு பதிவுக் குரல். உச்சரிப்பு வேறு சரியில்லை என்று அவருக்கு எரிச்சல்.

பிறகு ஒரு சாயங்காலம் நிஜமாகவே வந்துவிட்டது. காய்ச்சல்; சமையலறை வரை நடந்தாலே இரைத்தது. கருவி எண்பத்தேழு காட்டியது. அதைப் பதிந்தால் ஆம்புலன்ஸ் வரும். ஆனால் மருத்துவமனையில் சேர்ந்தவர் பெயரைத் திரையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். அதோடு போனும் நின்றுவிடும். உயிரைவிட அது பெரிதா என்று நாம் கேட்கலாம். நமக்குப் பேச ஆளிருக்கிறது. அவர் தொண்ணூற்றிரண்டு என்று பதிந்தார்.

போன் வந்தது. "சொல்லும்மா" என்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கியது.

"ஐயா, இது தொண்ணூத்திரண்டு பேசற பேச்சில்ல. மறுபடி மாட்டுங்க. என்ன காட்டுதோ அத மட்டும் சொல்லுங்க."

கோபமாகத்தான் சொன்னாள். தன் மேல் ஒருவர் கோபப்பட்டு எத்தனை காலமாயிற்று! அவருக்கு அழுகை வந்துவிட்டது. எண்பத்தேழு என்று சொல்லிவிட்டார்.

"வண்டி அனுப்பிட்டேன். கதவத் தொறந்து வச்சிட்டு உக்காருங்க. வர்ற வரைக்கும் போன வைக்க மாட்டேன்."

சொன்னபடியே வைக்கவில்லை.

வார்டில் முகமூடி மாட்டி, ஆக்சிஜன் ஏறத் தொடங்கிய பின் நர்ஸ் வந்து கேட்டார்: "உங்களுக்குன்னு யார் இருக்காங்க? யாருக்குத் தகவல் சொல்லணும்?"

முகமூடியை விலக்கினார். "ஒரு பொண்ணு இருக்கா."

"நம்பர் சொல்லுங்க."

"நாம கூப்பிட முடியாதும்மா. அவதான் கூப்பிடுவா."