சாக்கடைப் பக்கம் வாசல் வைத்த வீடு

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். பிழைகளும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதியது என்று பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்துக்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன், எழுதப்போகும் விஷயத்துக்கு யாரிடமும் கேட்கப் போவதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், ஆம்பூர் பக்கத்தில் எங்கள் வீட்டில் எரிந்த ஒற்றைக் குண்டு பல்பு, தெருமுனையில் டிரம் சுற்றத் தொடங்கும்போதெல்லாம் ஆரஞ்சுப்பழ நிறத்துக்கு மங்கி, டிரம் நின்றதும் பளிச்சென்று வெளுக்கும். தோலைப் போட்டு மோட்டாரில் சுழற்றும் அந்த மர டிரம் இருந்தது நாங்கள் "தோல் ஷாப்பு" என்று சொல்லும் தோல் பதனிடும் இடத்தில். அப்பா அங்கே டிரம்மில் தோல் ஏற்றி இறக்குவார், அம்மா பச்சைத்தோலில் ஒட்டியிருக்கும் உப்பை உதறுவாள். வேலை செய்யும் குடும்பங்களுக்கு ஷாப்பிலிருந்தே வீட்டுக்கு ஒரு பல்பு எரியும்படி ஒயர் இழுத்து விட்டிருந்தார்கள். "ஷாப்பு லயனு" என்பது அதற்குப் பெயர். காசு கிடையாது, சுவிட்சும் கிடையாது. தெருவில் எல்லா வீட்டின் சுவிட்சுகளும் ஷாப்பு மேஸ்திரி கன்னியப்பனின் வீட்டு முன்சுவரில் ஒரு பலகையில் வரிசையாக இருந்தன. பொழுது சாய்ந்ததும் அவர் போடுவார், தனக்குத் தூக்கம் வந்ததும் அணைப்பார். யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை, மழை பெய்வதும் நிற்பதும் போல அதுவும் ஒன்று என்றிருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தோல் லோடு வந்துவிட்டது. மேஸ்திரி ஆள் அனுப்பினார். "கோயிலுக்குப் போய்ட்டு மதியம் வர்றேன்னு சொல்லு" என்று அப்பா சொல்லி அனுப்பினார், அதுபோலவே மதியம் போய் இருட்டும் வரை வேலையும் செய்தார். அன்று மாலை தெருவெல்லாம் எரிந்தது, எங்கள் பல்பு மட்டும் எரியவில்லை. மறுநாளும் எரியவில்லை. கிளாரா அக்காவுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு கேட்கப் போனார். மேஸ்திரி நாற்காலியில் சாய்ந்தபடி, "இன்னா சாமுவேலு, ஞாயித்துக்கெழம அவ்ளோ நேரம் ஜெபம் பண்ணியே, உங்க ஆண்டவரு வெளிச்சம் தர்லியா?" என்றார். பக்கத்தில் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அப்பா திரும்பி நடந்தார். வீட்டுக்கு வந்து முக்காலி போட்டு ஏறி, ஷாப்பு ஒயரைப் பல்போடு கழற்றிச் சுருட்டிக்கொண்டு போய் அவர் படியில் வைத்தார். "உங்க லயனு, மேஸ்திரி. இனிமே எங்க வூட்டுக்கு நீங்க சுவிட்சு போட வேணாம்."

சொந்த மீட்டர் வாங்குவது என்று முடிவானது. மனை எங்கள் பெயரில் இருந்ததால் மனு கொடுப்பதில் சிக்கல் இல்லை. லைசென்சு உள்ள எலக்ட்ரீசியன் ஒருவர் வந்து மரச்சட்டம் அடித்து ஒயரிங் செய்தார், ஆபீசில் காட்டுவதற்குச் சோதனைச் சான்றும் எழுதிக் கொடுத்தார். எர்த் குழிக்குக் கரியும் உப்பும் போட வேண்டும், உப்பு வாங்கி வாருங்கள் என்று அவர் சொன்னதும் அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இந்த ஊரு மண்ணுக்கா உப்பு? எடுத்து நாக்குல வெச்சிப் பாருப்பா." அவர் நிஜமாகவே ஒரு துளி வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். ஆனாலும் சட்டப்படி உப்பு வாங்க வைத்தார்.

அதன் பிறகு கரண்டு ஆபீசிலிருந்து லைன் இன்ஸ்பெக்டர் பார்க்க வந்தார். எங்கள் தெருவில் இருந்த ஒரே கம்பம் மேஸ்திரி வீட்டைத் தாண்டி நின்றது. அங்கிருந்து கம்பி இழுத்தால் அவர் மாடிக்கு மேலேதான் வர வேண்டும். என் வீட்டு மேல் கம்பி போகக் கூடாது என்று மேஸ்திரி ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டார். புதுக் கம்பம் நடுவதென்றால் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டின் பின்னால், ஷாப்புத் தண்ணீர் ஓடும் சாக்கடை ஓரத்துச் சந்தில் இன்னொரு கம்பம் நின்றது. எங்கள் குளியல் தட்டிக்குப் பக்கத்தில்தான். அப்பா அதைக் காட்டினார்.

"பின்னாடி குடுக்க முடியாதுபா. மீட்டரு வாசல் பக்கம் இருக்கணும். ரீடிங் எடுக்கறவன் உங்க அடுப்படி வழியாவா வருவான்?"

"அப்ப வாசல மாத்திட்டா, சார்?"

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். "மாத்திட்டா குடுக்கறேன், போ."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அப்பா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வார விடுமுறையிலேயே முன்வாசல் நிலையைப் பெயர்த்தெடுத்தார். தட்டியைப் பிரித்து, பின்சுவரை இடித்து, அந்த நிலையை அங்கே நிறுத்தினார். இடித்த செங்கல்லை நானும் அக்காவும் சுமந்து கொடுக்க, பழைய வாசலை அதே கல்லால் அடைத்தார். அடுப்பு முன்பக்கம் போனது, பாய் பின்பக்கம் வந்தது. சந்தில் நாற்றம் மூக்கைத் துளைத்தது. தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. "சாக்கடையப் பாத்து வாசல் வெக்கறானே, குடும்பம் வெளங்குமா?" என்றாள் ஒரு கிழவி. "மொதல்ல பல்பு வெளங்கட்டும் பெரியம்மா, குடும்பத்த அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள் அம்மா.

இன்ஸ்பெக்டர் மறுபடி வந்த அன்று அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருந்தார்கள், அக்கா பள்ளியில். புதுவாசலில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வெளியாட்களைக் கண்டால் பேச்சு வராது. வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லப் பயந்தே ஐந்தோடு நின்றவன் நான். இன்ஸ்பெக்டரின் பின்னாலேயே மேஸ்திரியும் வந்துவிட்டார்.

"எல்லாம் நாடகம் சார். நீங்க மீட்டர மாட்டிட்டுப் போனதும், அடைச்சத ஒடச்சிக்கினு எங்க தெருவுலதான் வந்து நிப்பானுங்க. இது பொழக்கட சார், வாசல் இல்ல."

இன்ஸ்பெக்டர் ஈரம் காயாத சுவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் கேட்டார். "ஏன்டா தம்பி, ஒடப்பீங்களா?"

மேஸ்திரி என்னையே முறைத்துக்கொண்டு நின்றார். ஷாப்பில் அவர் குரல் கேட்டால் பெரியவர்களே தலை குனிவார்கள். நான் நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

"ஒடைக்க மாட்டோம் சார். அந்தப் பக்கம் எங்களுக்கு இன்னா வேல?"

 இன்ஸ்பெக்டர் கையிலிருந்த காகிதத்தில் எழுதிக்கொண்டே, "வாசல் இதுதான் மேஸ்திரி. நீங்க நிக்கறதே அதுலதான், கொஞ்சம் தள்ளுங்க" என்றார். மேஸ்திரி தள்ளி நின்றார்.

கம்பி வந்து சேர்வதற்குள் அக்காவின் பரீட்சை முடிந்துவிட்டது. மண்ணெண்ணெய் விளக்கில் படித்து எழுதியவள் கணக்கில் மட்டும் தவறி, அடுத்த தடவை எங்கள் சொந்த வெளிச்சத்தில் படித்துத் தேறினாள். அப்பாவை டிரம்மிலிருந்து சுண்ணாம்புத் தொட்டிக்கு மாற்றினார்கள். கையெல்லாம் வெந்துபோகும், ஆனால் அவர் ஒருநாளும் வருத்தப்பட்டுப் பேசியதில்லை. இருட்டியதும், யார் சொல்லியும் அணைக்க வேண்டியதில்லை என்பதற்காகவே, பல்பைச் சும்மா எரியவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அடுத்த சில வருடங்களில் இன்னும் நாலைந்து வீடுகள் முதுகைத் திருப்பிச் சந்துக்கு வாசல் வைத்தன.

இப்போது அந்த ஷாப்பு இல்லை, டிரம் சத்தமும் இல்லை. சாக்கடைக்கு மேல் சிமெண்டுப் பலகை போட்டுவிட்டார்கள். மேஸ்திரி செத்து, அவர் வீட்டை இடித்துக் கடைகள் கட்டிவிட்டார்கள். பழைய தெரு இன்று பெரிய ரோடு. அந்தப் பக்கம் சுவரை உடைத்து ஒரு ஷட்டர் போட்டால் நல்ல வாடகை வரும் என்று என் மகன் சொல்கிறான், புரோக்கர் சொல்கிறார், மனைவிகூட ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். தடுப்பதற்கு அங்கே இனி ஒருவரும் இல்லையே என்கிறார்கள். யாரும் தடுத்ததால் அல்ல, உடைக்க மாட்டோம் என்று நான் வாயால் சொன்னதால் அந்தச் சுவர் நிற்கிறது. நான் இருக்கும் வரை நிற்கும்.

எழுதி முடித்தது: 2022 பிப்ரவரி 13, ஞாயிற்றுக்கிழமை.